எந்த ஊர் வாழ நல்ல ஊர்? பரோடா, தங்கவயல், மதுரை

கோவையா, திருச்சியா, மதுரையா, சேலமா? நம் பிள்ளைகள் நாலு பேர் கூடினால் இந்த விவாதம் வந்துவிடுகிறது. சென்னை வேண்டாம், வாடகை கொடுத்தே சம்பளம் தீர்ந்துவிடும், மழை வந்தால் வீட்டுக்குள் தண்ணீர். சொந்தக் கிராமத்துக்கும் திரும்ப முடியாது. நடுவில் ஒரு நகரம் வேண்டும், அது எது என்பதுதான் கேள்வி. கோவைக்காரர் சிறுவாணித் தண்ணீரில் தொடங்குவார். மதுரைக்காரர் நள்ளிரவிலும் கிடைக்கும் சூடான இட்லியைச் சொல்வார். திருச்சிக்காரர் தமிழ்நாட்டில் எங்கே போக வேண்டுமானாலும் திருச்சியிலிருந்து அரை நாள்தான் என்பார். சேலத்துக்காரர் மாம்பழத்தைச் சொல்லிவிட்டு ஏற்காட்டைக் காட்டுவார். இந்தச் சண்டையில் யாரும் ஜெயித்ததாகத் தெரியவில்லை.

ஒன்றிய அரசும் இந்த விவாதத்துக்குள் வந்தது. வாழ எளிதான நகரங்கள் எவை என்று 111 நகரங்களை வரிசைப்படுத்தி 2021 மார்ச்சில் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் பெங்களூரு முதலிடம், சென்னை 4, கோவை 7. பத்து லட்சத்துக்குக் கீழே சிம்லா முதலிடம், சேலம் 5, வேலூர் 6, திருச்சி 10. பெரிய நகரங்களின் முதல் பத்தில் மதுரை இல்லை. வாழ்க்கைத் தரம், பொருளாதாரத் திறன், நீடித்த வளர்ச்சி, மக்களின் கருத்து என்று நான்கு தலைப்புகளில் மதிப்பெண் போட்டிருந்தார்கள். குடிநீர், மருத்துவமனை, சாலை, பூங்கா எல்லாம் கணக்கில் வந்தன. வீட்டு உரிமையாளர் சாதி கேட்காமல் வாடகைக்குக் கொடுப்பாரா என்ற கேள்வி அந்த நான்கு தலைப்புகளில் எதிலும் இல்லை.

அந்தப் பட்டியலில் கோவைக்கு அடுத்து, எட்டாவது இடத்தில் இருக்கும் நகரம் வதோதரா. பழைய பெயர் பரோடா. அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு 1917 நினைவுக்கு வந்தது. இந்த விவாதத்தில் இடம்பெற வேண்டிய வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

அதற்கு முன் 'ஊர்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சேரியில் பிறந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 'ஊருக்குள்ள போய்ட்டு வரேன்' என்று அம்மா சொன்னால், சேரியை விட்டுச் சாதி இந்துக்களின் தெருப்பக்கம் போகிறார் என்று பொருள். வருவாய்த் துறை ஆவணத்தில் ஒரே கிராமம்தான். பேச்சில் ஊர் வேறு, சேரி வேறு. 'எந்த ஊர் நல்ல ஊர்' என்று நம்மிடம் கேட்பதே ஒரு விநோதமான கேள்வி. ஊர் என்று ஒன்று நமக்கு இருந்ததில்லை, அதனால்தான் நகரத்தைத் தேடி ஓடினோம். 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் பேசியபோது, கிராமத்தை ஆட்சியின் அடிப்படை அலகாக வைக்கவில்லை என்ற குறையைத் தயங்காமல் மறுத்தார். தனிமனிதரே அலகு என்றார். கிராமத்தைப் பற்றிப் பெருமை பேசியவர்களுக்கு அன்று அவர் கொடுத்த பதிலை நம்மில் பலர் மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் அதை வைத்து, நகரம் என்றாலே விடுதலை என்று அவர் நம்பினார் என முடிவுகட்டிவிடக் கூடாது. நகரம் அவரை எப்படி நடத்தியது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பரோடா அன்றைக்குச் சாதாரண நகரம் அல்ல. 'இந்தியாவிலேயே வாழச் சிறந்த நகரம் எது' என்று 1917ல் ஒரு பட்டியல் போட்டிருந்தால் பரோடா முதல் வரிசையில் வந்திருக்கும். மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1906லேயே தன் அரசு முழுவதும் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தவர். தீண்டப்படாதார் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தவர். 1910ல் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்து அரசு முழுவதும் பொது நூலகங்களைப் பரப்பினார். பேங்க் ஆஃப் பரோடா 1908ல் தொடங்கியது. நகரில் 'காமாத்தி பாக்' என்ற பெரிய பொதுப் பூங்கா இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் பல நகரங்களில் இல்லாத வசதிகள் அங்கே இருந்தன. அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போனதே அந்த மன்னர் கொடுத்த உதவித்தொகையில்தான். அதற்கு ஈடாகப் பத்தாண்டு பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். மன்னர் நல்லவர், நகரம் முன்னேறிய நகரம், வருகிறவர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்தவர், கையில் அரசு வேலை இருக்கிறது. அந்த நாளில் ஒரு தலித்துக்கு இதைவிடச் சாதகமான நிலைமை வேறெங்கும் அமைந்திருக்காது.

ரயில் நிலையத்தில் இறங்கியதும் அவருக்கு வந்த முதல் கேள்வி எங்கே தங்குவது என்பது. வெளிநாட்டில் இருந்த ஐந்தாண்டுகளில் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே போயிருந்தது என்று, பின்னாளில் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற குறிப்பில் சொல்கிறார். அந்த நினைப்பு நிலைய வாசலில் திரும்பி வந்தது. இந்துக்கள் நடத்தும் விடுதியில் பொய் சொன்னால்தான் இடம், பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரியும். நண்பர்கள் வீட்டுக்குப் போனால் அவர்கள் சங்கடப்படலாம். கடைசியில் ஒரு பார்சி சத்திரத்துக்குப் போனார். பார்சிகள் மதத்தில் தீண்டாமை கிடையாதே என்ற நம்பிக்கைதான். அவர் பார்சி இல்லை என்பது சத்திரக் காவலருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய், பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயர் என்று பேசி முடித்தார்கள்.

மாடியில் ஒரு சிறிய அறை. அதை ஒட்டி உடைந்த சாமான்கள் அடைத்துக் கிடந்த ஒரு பெரிய கூடம். வேறு குடியிருப்பவர் யாரும் இல்லை. மின்விளக்கு கிடையாது, இரவில் காவலர் ஒரு அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து வைப்பார். பகலில் கணக்குத் தலைமை அதிகாரியின் அலுவலகத்தில் பயிற்சி, இரவில் அந்த இருட்டு. அரசு பங்களா ஒன்று கேட்டு விண்ணப்பித்திருந்தார். கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருந்தது. பதினோராம் நாள் காலை பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடிகளோடு படியேறி வந்தார்கள். நீ யார் என்று கேட்டார்கள். சத்திரத்தைத் தீட்டுப்படுத்திவிட்டாய், மாலைக்குள் காலி செய் என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். அவருக்கு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள், ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். நீங்கள் வந்தால் என் வீட்டு வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்று இந்து நண்பர் சொன்னார். கிறித்தவ நண்பர் மனைவியைக் கேட்க வேண்டும் என்று தள்ளிப்போட்டார். அவர்கள் பிராமணக் குடும்பத்திலிருந்து மதம் மாறியவர்கள், மனைவி ஆசாரத்தை இன்னும் விடவில்லை. பம்பாய் ரயில் இரவு ஒன்பது மணிக்கு. மாலை நான்கு மணியிலிருந்து ஒன்பது மணிவரை, இந்தியாவில் அன்றைக்கு மிக அதிகம் படித்தவர்களில் ஒருவரான அந்த 26 வயது இளைஞர் காமாத்தி பாக்கில் உட்கார்ந்திருந்தார்.

சமூகவியல் வகுப்பில் இந்தச் சம்பவத்தைத் தனிமனித அவமானம் என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பூங்காதான் முக்கியம். பரோடாவின் பெருமையான அந்தப் பொதுப் பூங்கா அவரை உள்ளே விட்டது. உட்கார இருக்கை கொடுத்தது. பட்டியலில் மதிப்பெண் வாங்கித் தரும் வகையான வசதி அது. அதே நகரத்தில் இரவு படுக்க ஒரு அறை கிடைக்கவில்லை. மன்னரின் ஆணையால் பள்ளிகளைத் திறக்க முடிந்தது. பங்களாக் கோப்பை நகர்த்த வேண்டிய அதிகாரியையும், சத்திரத்தின் சொந்தக்காரர்களையும், நண்பரின் வீட்டு வேலைக்காரரையும் அந்த ஆணை எட்டவில்லை. இப்போது அந்தப் பூங்காவின் பெயர் சயாஜி பாக். அவர் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லப்படும் ஆலமரத்தடிக்கு 'சங்கல்ப் பூமி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மக்கள் அங்கே போய் மாலை போடுகிறார்கள்.

இனி இதற்கு நேர் எதிரான ஒரு இடம். கோலார் தங்கவயல்.

எந்தப் பட்டியல் போட்டாலும் தங்கவயல் கடைசியில்தான் வந்திருக்கும். ஜான் டெய்லர் நிறுவனம் 1880ல் சுரங்கம் வெட்டத் தொடங்கியதும் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து கூலிகளாகப் போனவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். பஞ்சத்திலிருந்தும் பண்ணையடிமைத்தனத்திலிருந்தும் தப்பிப் போனவர்கள். சுரங்கம் ஆழமாகிக்கொண்டே போய், சாம்பியன் ரீஃப் கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. கீழே போகப் போகப் பாறையே கொதிக்கும். கல் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுச் செத்தவர்கள், பாறை வெடித்துச் செத்தவர்கள் ஏராளம். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. இந்தியாவின் பெரும்பாலான நகரங்கள் மின்விளக்கைப் பார்க்காத காலம் அது. ஆனால் அந்த மின்சாரம் வந்தது சுரங்கத்துக்கும் துரைமார் வீட்டுக்கும்தான். கூலிகளுக்கு 'லைன்' வீடுகள், மூங்கில் தட்டிச் சுவர், குனிந்து நுழைய வேண்டிய வாசல். தங்கம் திருடுவார்கள் என்ற சந்தேகத்தில் சோதனை மேல் சோதனை. 1930ல் தொழிலாளர்கள் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிறுவனம் உத்தரவு போட்டபோது சுரங்கங்களே நின்றுபோகும் அளவுக்கு வேலைநிறுத்தம் நடந்தது.

அந்த லைன் வீடுகளுக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூனில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார், ஓராண்டுக்குப் பின் அது 'தமிழன்' ஆயிற்று. அந்த இதழுக்கும் அவருடைய தமிழ்ப் பௌத்த இயக்கத்துக்கும் பெரும் பலமாக நின்ற இடங்களில் ஒன்று தங்கவயல். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் அமைந்தது. சுரங்கத்தில் ஷிப்டு முடித்துவிட்டு வந்தவர்கள் சங்கக் கூட்டங்களில் பௌத்த தர்மம் கேட்டார்கள், விவாதித்தார்கள். 1914ல் பண்டிதர் மறைந்தபின் அவர் எழுத்துகள் மண்ணோடு மண்ணாகப் போயிருக்க வேண்டியவை. அவற்றை நூல்களாக அச்சிட்டு நமக்குக் கொண்டுவந்து சேர்த்தது சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை. 1926ல் 'தமிழன்' இதழ் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்தது. இன்றைக்கு அயோத்திதாசரைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. அந்த நூல்களுக்குக் காசு கொடுத்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள்.

நூலகம், பூங்கா, நல்ல மன்னர் எல்லாம் இருந்த பரோடாவில் நடக்காதது, தூசியும் தட்டி வீடுமாக இருந்த தங்கவயலில் ஏன் நடந்தது? எனக்குத் தோன்றும் காரணம் எளிமையானது. வேலை கொடுத்தவன் கொடியவன்தான், ஆனால் ஊர்ப் பண்ணையார் அல்ல. அவனுக்கு உழைப்பும் தங்கமும் போதும், தெருவில் செருப்பைக் கழற்றச் சொல்ல மாட்டான். வீடு கொடுத்தது நிறுவனம், சாதி இந்து உரிமையாளர் அல்ல. பக்கத்து லைனிலும் அடுத்த லைனிலும் நம் ஆட்கள். கூலி காசாக வந்தது, தானியமாக இல்லை. காசாக வந்ததால் சங்கச் சந்தா கட்ட முடிந்தது, பத்திரிகை வாங்க முடிந்தது. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் பரோடாவில் அம்பேத்கரிடம் இல்லாதது என்ன என்று தெரியும். அவரிடம் படிப்பும் பதவியும் இருந்தன. நகரத்தில் அவருக்கு ஆள் இல்லை.

தங்கவயலைச் சொர்க்கமாக்கிவிடக் கூடாது. அந்த ஊரின் உலர் கழிப்பறைகளை யார் அள்ளினார்கள் என்று கேட்டால் கதை மாறும். பெஜவாடா வில்சன் 1966ல் பிறந்தது தங்கவயலில். ஆந்திரத்திலிருந்து வந்த தோட்டிச் சமூகக் குடும்பம், அவருடைய அப்பா அந்தக் குடியிருப்புகளின் உலர் கழிப்பறைகளைச் சுத்தம் செய்த தொழிலாளி. சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் பௌத்தமும் பகுத்தறிவும் பேசிக்கொண்டிருந்த அதே ஊரில், இன்னொரு தலித் சமூகம் பல பத்தாண்டுகள் கையால் மலம் அள்ளிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வில்சன் தொடங்கிய போராட்டம்தான் சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலனாக வளர்ந்து நாடு முழுதும் போய், 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை சென்றது. 2016ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. தங்கவயலைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நம் மேடைகளில் அயோத்திதாசர் பெயர் வரும் அளவுக்கு இந்தக் கதை வருவதில்லை. வர வேண்டும். நம்மவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் நகரத்திலும் யாருடைய வேலை கடைசி வேலை என்று கேட்டே ஆக வேண்டும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இன்று தங்கவயலின் இளைஞர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பட்டியலில் முதலிடம் பிடித்த பெங்களூருக்குத்தான்.

இப்போது நம் நகரங்களுக்கு வருவோம். நடுத்தர நகரம் என்பது நமக்கு முதலில் மாவட்டத் தலைநகரம். ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், அரசு மருத்துவமனை, ஆதிதிராவிடர் நல விடுதி. சுற்றியிருக்கும் நூற்றுக்கணக்கான சேரிகளுக்கு அந்த நகரம்தான் மனுக் கொடுக்கப் போகும் இடம். மேலவளவு முருகேசனும் உடன் இருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டது மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பும் வழியில். அதிகாரிகளைப் பார்க்கப் போயிருந்தார். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்கள் அடித்து விரட்டப்பட்டதும், தாமிரபரணியில் 17 பேர் உயிர் போனதும் திருநெல்வேலி நகரத்துக்குள், ஆட்சியர் அலுவலகத்தின் அருகே. பாளையங்கோட்டையைத் தென்னாட்டின் ஆக்ஸ்ஃபோர்டு என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் கல்லூரிகளில் நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள், நல்லதுதான். அந்த ஆறும் அங்கேதான் ஓடுகிறது.

நடுத்தர நகரத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பெருநகரத்தில் நீங்கள் யார் என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அங்கேயும் பாகுபாடு இல்லாமல் இல்லை. தில்லித் தலைநகரப் பகுதியில் வாடகை வீடு தேடும் தலித்துகளும் முஸ்லிம்களும் எப்படித் தட்டிக் கழிக்கப்படுகிறார்கள் என்று சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் 2015ல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நம் நடுத்தர நகரங்களில் உங்கள் கிராமம் ஒரு போன் தூரத்தில் இருக்கிறது. விடுதியிலிருந்து வெளியேறும் பிள்ளைகளுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்கிறேன். யாரும் நேராகச் சாதி கேட்க மாட்டார்கள். "தம்பிக்கு எந்த ஊரு?" என்று தொடங்கும். ஊர் பெயர் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" "நம்ம இன்னார் வீட்டுப் பக்கமா?" "கும்புடுற சாமி எது?" "வீட்ல கறி மீனு சமைப்பீங்களா?" என்று போகும். நான்கு கேள்வியில் முடிவு தெரிந்துவிடும். "நாளைக்குச் சொல்றேன்" என்பார்கள். நாளை வராது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போன் போட்டு விசாரித்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுதிய அந்தப் பழைய வழியை இன்றும் நம் பிள்ளைகள் வேறு வடிவில் செய்கிறார்கள். ஊர் பெயரை மாற்றிச் சொல்கிறார்கள், அம்பேத்கர் படத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

வீடு மறுக்கப்படுவதோடு இது நிற்பதும் இல்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், அத்தனை பேர் கண்முன்னே ஒரு தலித் பொறியியல் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மாறித் திருமணம் செய்ததுதான் காரணம். நகரம் முகமறியாத கூட்டத்துக்குள் நம்மை மறைத்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். உடுமலை அளவுள்ள நகரத்தில் மறைந்துகொள்ள முடியாது.

கோவை விவாதத்தில் எப்போதும் முன்னால் நிற்கும் நகரம். அதற்கு நியாயமும் இருக்கிறது. 1888ல் முதல் நூற்பாலை, 1930களில் பைக்காரா மின்சாரம், அடுக்கடுக்காக மில்கள். பண்ணையத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த அருந்ததியர் குடும்பங்களில் பலருக்குக் கூலி காசாகக் கிடைத்தது இந்த நகரத்தால்தான். ஆதித்தமிழர் பேரவை இங்கேதான் வேர் விட்டது. 2009ல் வந்த மூன்று சதவீத உள் ஒதுக்கீட்டுக்குப் பின்னால் இந்த மண்ணின் போராட்டங்கள் இருக்கின்றன. ஆனால் இன்றைக்கும் அந்த நகரத்தைக் கூட்டிப் பெருக்குவது யார் என்று காலை ஐந்து மணிக்குத் தெருவுக்கு வந்து பார்த்தால் தெரியும்.

'ஸ்மார்ட் சிட்டி' என்று குளக்கரைகளை அழகுபடுத்தினார்கள். உக்கடம் பெரியகுளத்தில் மாலையில் குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. முத்தண்ணன் குளம் போன்ற கரைகளில் பல பத்தாண்டுகள் குடியிருந்தவர்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வீட்டு வேலைக்கும் துப்புரவுக்கும் நகரத்துக்குள் வர அவர்கள் இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது. கரையில் பூங்கா வந்ததற்கு மதிப்பெண் கிடைக்கும், இந்த இரண்டு பஸ்ஸுக்கு மதிப்பெண் குறையாது. கோவை மாவட்டத்தில்தான் மேட்டுப்பாளையம் நடூர் இருக்கிறது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில், ஒரு பங்களாவைச் சுற்றி எழுப்பியிருந்த இருபதடி உயரச் சுவர் பக்கத்திலிருந்த ஓட்டு வீடுகளின் மேல் விழுந்து குழந்தைகள் உட்பட 17 பேர் செத்தார்கள். எல்லோரும் தலித்துகள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று அந்த மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். நியாயம் கேட்டவர்கள் மீது தடியடி நடந்தது.

மதுரைக்கும் இப்படி ஒரு குற்றப்பட்டியல் உண்டு. மேலவளவும் உத்தபுரமும் மதுரை மாவட்டம்தான். உத்தபுரம் சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று அரசே இடிக்க வேண்டிவந்தது. 1939 ஜூலை 8 காலை வைத்தியநாத ஐயர் தலைமையில், கக்கன் உட்பட ஐந்து தலித்துகளும் ஒரு நாடாரும் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்ததை ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். அன்று பட்டர்கள் பூசை செய்ய மறுத்துக் கோயிலை விட்டு வெளியே போனதை அவ்வளவாகச் சொல்வதில்லை. மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் இன்று ஒரு தலித் குடும்பம் வாடகைக்கு வீடு கேட்டுப் பார்த்தால் அந்த நுழைவு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரியும்.

இருந்தும் என் ஓட்டு மதுரைக்கு. பட்டியலின் முதல் பத்தில் இல்லாத மதுரைக்கு. காரணம் இட்லி இல்லை. (இட்லியும் கொஞ்சம் காரணம்.) பரோடாவில் இல்லாததும் தங்கவயலில் இருந்ததும் இங்கே இருக்கிறது. அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தலித் ஆதார மையம் அமைந்தது. தியாபிலஸ் அப்பாவு என்ற நம் 'பரட்டை' பறையையும் பாட்டையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்ததும், தலித் கலைவிழாக்கள் நடந்ததும் அந்த வளாகத்தில்தான். பாமாவின் 'கருக்கு' 1992ல் முதலில் அச்சானது மதுரையில். தடய அறிவியல் துறையில் வேலைக்காக மதுரைக்கு வந்த திருமாவளவன், தலித் பாந்தர் இயக்கத்தின் மலைச்சாமி மறைந்தபின் அந்த இயக்கத்தின் தலைமையை ஏற்றது இந்த நகரத்தில். 'மக்கள் கண்காணிப்பகம்', 'எவிடென்ஸ்' போன்ற அமைப்புகள் வன்கொடுமை வழக்குகளை ஆவணப்படுத்துவதும் இங்கிருந்துதான். நாலு ஊர் தாண்டி ஒரு சேரியில் இரவு பத்து மணிக்கு வீடு எரிந்தால், விடிவதற்குள் வழக்கறிஞரையும் மருத்துவரையும் எழுப்பிக் கூட்டிப்போக இங்கே ஆள் உண்டு. அம்பேத்கருக்கு அன்று பரோடாவில் இப்படி ஒரு கதவு இருந்திருந்தால் அவர் ரயில் ஏறியிருக்க மாட்டார்.

வேலைக்காகக் கோவைக்குப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளை நான் தடுப்பதில்லை. சம்பளம் அங்கேதான் கிடைக்கிறது. ஆனால் போகிறவர்களிடம் இரண்டு போன் நம்பர் கொடுத்து அனுப்புகிறேன், பெட்டியை இறக்கியதும் அவர்களைப் போய்ப் பாருங்கள் என்று. ஒருவர் சங்கத்துக்காரர், ஒருவர் வீடு பார்த்துத் தருகிறவர்.

கோவைத் தோழர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும், வரட்டும். சிறுவாணித் தண்ணீர் சுவையானது என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. கீரணத்தம் அடுக்குமாடியில் குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.